மூன்று டப்பாக்கள்

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு எடைமேடை முப்பத்தொன்பது கிலோவைக் காட்டியது. ஏழு வயது மகள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். எண் மாறவில்லை.

"போன வருஷம் முப்பத்திரண்டு," என்றாள் நர்ஸ்.

"தெரியும்," என்றாள் அம்மா.

தெரியாமல் என்ன. சூப்பர் மார்க்கெட் கல்லாவில் உட்காருகிறவளுக்கு எண்கள் மறப்பதில்லை. இந்த எண்ணை இறக்க அவள் செய்து பார்க்காதது இல்லை. பிஸ்கட்டை நிறுத்தினாள். சர்க்கரையை நிறுத்தினாள். பிள்ளை தின்றதையெல்லாம் எழுதி மூன்று நோட்டுகளை நிரப்பினாள். மகளோடு மாடிப்படி ஏறி இறங்கியதில் முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். அதுவும் அம்மாவுக்கு. நோட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இவ்வளவுதானா, எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா?

"அந்த நோட்டுக்கு வாய் இருந்தா அழும், அண்ணி," என்றாள் சுவரோரம் உட்கார்ந்திருந்த நாத்தனார். வண்டியில் கூட்டி வந்தவள் அவள். அந்த உரிமையில் பேசினாள்.

அது மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவு. கர்ப்பிணிகளிடம் மூன்று முறை சிறுநீர் வாங்கி உறைய வைத்திருந்தார்கள். பிறந்த பிள்ளைகளை ஆண்டுதோறும் எடை பார்த்தார்கள். பழைய டப்பாக்களை இந்த ஆண்டுதான் திறந்து பரிசோதித்தார்கள். இன்று முடிவு சொல்லும் நாள். அதற்காகவே அம்மா விடுப்பு எடுத்திருந்தாள்.

"பில் பேப்பர் வழவழன்னு இருக்குல்ல," என்றாள் நர்ஸ். "அதுல பூசற ரசாயனம் கை வழியா உள்ள போகும். பிளாஸ்டிக்லேர்ந்தும் வரும். உடம்பு அதை ஹார்மோன்னு நினைச்சு ஏமாந்துடும். பிள்ளை வயித்துல இருக்கும்போது அப்படி ஆனா, கொழுப்பை எவ்வளவு சேக்கணுங்கற கணக்கே பிசகலாம்னு ஒரு சந்தேகம். பிசகலாம்தான். பிசகும்னு சொல்லல."

"ஒன்பதாம் மாசம் வரைக்கும் நான் கல்லாவுலதான் இருந்தேன். கையில கிருமிநாசினி தடவி, ஈரம் காயறதுக்குள்ள பில்லைக் கிழிப்பேன். ஒரு நாளைக்கு முந்நூறு பில்."

"அதான் எங்களுக்கே ஆச்சரியம். உங்க அளவு ரொம்பக் குறைவு. மூணு டப்பாவுலயும். வந்தவங்கள்லயே சுத்தமான உடம்பு உங்களுதுதான்."

நாத்தனாரின் உதட்டோரம் சின்னதாக ஒரு பெருமை வந்து போனது. அம்மா அதைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் கர்ப்பமாக இருந்தபோது டப்பாவை எடுத்துப்போகும் வண்டி காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வரும். ஒன்பதுக்குப் பிறகு நிரப்பியதாக இருக்க வேண்டும். அவள் ஏழு மணிக்கே கல்லாவில் இருப்பாள். நடுவில் எழுந்தால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். டப்பா தராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், இலவச ஸ்கேன் போய்விடும். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் இருந்த நாத்தனார்தான், "இதுக்கா இவ்வளவு கவலை, கொண்டாங்க அண்ணி," என்று வாங்கிக்கொண்டாள். மூன்று முறையும். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"அளவு அதிகமா இருந்தவங்க பிள்ளைங்களை மட்டும் ஹார்மோன் டாக்டர் பாக்கறார்," என்றாள் நர்ஸ். "உங்களுக்கு அது தேவைப்படாது. மறுபடியும் சாப்பாட்டு ஆலோசனைக்கே எழுதிடறேன்."

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றாள் நாத்தனார். "எங்க பக்கம் யாரும் இப்படி இல்ல. அண்ணிக்குக் கை தாராளம். வேற என்ன இருக்கப்போவுது."

அம்மா அவளையே பார்த்தாள். நாத்தனார் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

உண்மையைச் சொன்னால் ஆராய்ச்சியிலிருந்தே பெயரை அடிப்பார்கள். சொன்னாலும் ரசாயனம்தான் காரணம் என்று ஆகிவிடாது. அன்று தன் உடம்பில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. சொல்லாவிட்டால் நான்காவது நோட்டு. அதே கேள்வி.

மகள் இன்னும் எடைமேடையிலிருந்து இறங்கவில்லை.

"நான் இனிமே ராத்திரி சாப்பிடல," என்றாள். "அப்போ அம்மாவைத் திட்ட மாட்டீங்கல்ல, அத்தை?"

அத்தை பையை மூடினாள். நர்ஸின் பேனா சீட்டில் ஓட ஆரம்பித்திருந்தது. அம்மா கையை நீட்டிச் சீட்டின் மேல் வைத்தாள்.

"ஒரு நிமிஷம் எழுதாதீங்க, சிஸ்டர்."

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, அந்த மூணு டப்பாவையும் யாரு நிரப்புனாங்கன்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"