பின்னறைக்குப் போகாத படங்கள்

"இத எடுத்துட்டுப் போயிரு மேரி. என்ற கண்ணு முன்னால இருக்க வேண்டாம்."

கணவன் ஆரோக்கியதாஸ் இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் இன்பமேரி பொருட்படுத்தியிருக்க மாட்டாள். அவனுக்குக் கோபம் வரும், போகும். இன்று நிதானமாகச் சொன்னான். சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். எஸ்டேட் ஜீப் கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகு ஒரு வருடம் முழுக்க அவன் இப்படித்தான் சுவரைப் பார்த்துக் கிடந்தான். அந்த வருடத்தை இன்னொரு முறை தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன். எழுத்தும் ஒழுங்கும் கைவந்தவன். மாதா கோயில் பங்குச் சாமியார் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தனுப்பியதிலிருந்து, மடிமேல் ஒரு பலகையில் கீபோர்டை வைத்து, படுத்தபடியே தமிழில் டைப் அடித்தான், பக்கம் அமைத்தான். ஒண்டிக்கடை முக்குக்குப் போகும் சாலையைப் பார்த்த முன்னறையில் இன்பமேரி இன்னொரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் கல்யாணப் பத்திரிகை, நினைவு அட்டை என்று வேலை பிடித்தாள். இரண்டு அறைக்கும் நடுவே ஓட்டுக்கூரையின் அடியில் ஓர் ஒயர் ஓடியது. அந்த ஒயர் இருந்ததால்தான் யார் கண்ணிலும் படாமல் அவனால் வேலை செய்கிற மனிதனாக இருக்க முடிந்தது.

இப்போது வந்திருப்பது பெரிய வேலை. பங்குக் கோயிலின் பொன்விழாவுக்குக் குடும்ப மலர். நூற்றிருபது குடும்பங்கள், குடும்பத்துக்கு ஒரு போட்டோ. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் பக்கங்கள் மலையிறங்கிச் சேலத்து அச்சகத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் வேலையைக் கீழேயே முடித்துக்கொள்வதாக அச்சகத்துப் பெரியநாயகம் சொல்லியனுப்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. விழாவுக்கு நாள் குறித்தாயிற்று.

போட்டோக்கள்தான் பின்னறைக்குப் போக மறுத்தன. கடிதம், பத்திரிகை வாசகம் எல்லாம் இத்தனை நாளும் ஒயரில் சட்டென்று போய்க்கொண்டிருந்தன. ஒரு போட்டோவை அனுப்பினால் மட்டும் நத்தை மாதிரி ஊர்ந்தது. முன்னறையில் உட்கார்ந்து இன்பமேரி ஒரு ஜெபமாலையை முழுக்கச் சொல்லி முடிப்பாள். திரையில் பாதிதான் போயிருக்கும். சில படங்கள் முக்கால்வாசி போய் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிளாப்பியில் போட்டுக் கொண்டுபோகலாம் என்றால் ஒரு படம்கூட அதில் அடங்காது. ஐந்து நாளில் பதினேழு படம்தான் பின்னறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

திங்கட்கிழமை ஒரு படம் நான்காவது முறையாக நின்றபோது, ஆரோக்கியதாஸ் ஆத்திரத்தில் கம்ப்யூட்டர் பெட்டியைக் கையால் ஓங்கித் தள்ளிவிட்டான். பெட்டி சுவரில் மோதியது. சத்தம் கேட்டு அவனுடைய அப்பா தேவசிகாமணி ஓடிவந்தார். டெலிபோன் இலாகாவில் முப்பத்தொரு வருடம் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். இந்த ஒயரை இழுத்தவரும் அவர்தான். ஏணி போட்டு, சாணுக்கு ஒரு கிளிப் அடித்து, இரண்டு முனையிலும் பிளக்கை அவர் கையாலேயே அமுக்கியிருந்தார்.

"இப்படி இடிச்சா எது வேலை செய்யும்? ஒயரு நான் போட்டது, அதுல ஒரு கொறை வராது. மிஷின நீதான்டா ஒடச்சுப்புட்டே."

அவர் அதற்குப் பிறகு பின்னறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. மகனும் கூப்பிடவில்லை. அந்தச் சொல் மட்டும் ஆரோக்கியதாஸின் மனதில் தங்கிப்போனது. பெட்டியைத் தள்ளியது திங்கட்கிழமை. படங்கள் நின்றது அதற்கு முன்பே. இன்பமேரி இதைப் பலமுறை எடுத்துச் சொல்லியும் அவன் கேட்கவில்லை. "முன்னால ஏதோ கொஞ்சம் கெட்டிருந்துச்சு. மொத்தமா கெடுத்தது நானு" என்றான்.

புதன்கிழமை சேலத்துக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து கருப்பண்ணன் பஸ் பிடித்து வந்தார். மழையில் நனைந்திருந்தார். முன்னறையில் இருந்த ஹப் என்ற சின்னப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். இரண்டு கம்ப்யூட்டரின் ஒயர்களும் அதில்தான் வந்து சேரும்.

"லைட்டு எரியுதுங்க. ஒயரு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏனுங்க படம் போகமாட்டேங்குது?"

"மலை மேல ஈரமுங்க. மிஷினுக்கும் சளி புடிக்குமில்லீங்களா" என்று சிரித்தார். பிறகு பின்னறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, ஒயர் வந்து சேரும் கார்டை எடுத்துத் துடைத்து மாட்டினார். ஒன்றும் மாறவில்லை. "ஏனுங்க, ரெண்டு மிஷினையும் இந்த ரூம்லயே வெச்சுட்டா பிரச்சனையே இல்லீங்களே" என்று கேட்டார்.

ஆரோக்கியதாஸ் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். "போட்டோ குடுக்க வர்றவங்க எல்லாம் இங்க வந்து என்னையும் பாத்துட்டுப் போகட்டும்னு சொல்றீங்களா?"

கருப்பண்ணன் டீயைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் காலைதான் ஆரோக்கியதாஸ் கம்ப்யூட்டரை எடுத்துப் போகச் சொன்னான்.

இன்பமேரி அதை எடுக்கவில்லை. முன்னறைக்கு வந்து, மாதா படத்துக்கு முன்னால் சிறிது நேரம் நின்றாள். என்ன கேட்பதென்று தெரியாமல் சும்மாதான் நின்றாள். கருப்பண்ணன் சொன்னதில் ஒன்று மட்டும் அவள் மனதில் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டும் ஒரே அறையில் இருந்தால் பிரச்சனை இல்லை. அப்படியானால் பிரச்சனை எங்கே இருக்கிறது?

மாமனார் காலைப் பூசைக்குப் போயிருந்தார். அவள் முன்னறைக் கம்ப்யூட்டரையும் ஹப்பையும் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். ஹப் வாங்கியபோது அட்டைப்பெட்டியில் இரண்டு குட்டை ஒயர்கள் கூடவே வந்திருந்தன. ஒன்று முன்னறையில் மாட்டியிருந்தது. பிரிக்காமல் கிடந்த இன்னொன்றை எடுத்து ஆரோக்கியதாஸின் கம்ப்யூட்டரில் மாட்டினாள். கூரையில் ஓடும் நீள ஒயரை விட்டுவிட்டாள்.

"என்ன பண்றே?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஒண்ணுமில்லைங்க. தூங்குங்க."

ஒரு படத்தை அனுப்பினாள். பழக்கத்தில் ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். இரண்டாவது மணியைத் தொடும் முன் படம் போய் முடிந்திருந்தது. இன்னொன்றை அனுப்பினாள். அதுவும் போனது. மூன்றாவதும் போனது.

கம்ப்யூட்டர் கெடவில்லை. அவன் எதையும் உடைக்கவில்லை. கெட்டது மாமா போட்ட ஒயர்.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்த நொடியே பயம் வந்தது. ஆரோக்கியதாஸிடம் இதை அப்படியே சொன்னால், மூன்று நாளாக அடக்கி வைத்ததெல்லாம் அப்பாவின் மேல் போய் விழும். அவர் இருதய நோயாளி. மறைத்துவிட்டால், தான்தான் கெடுத்தோம் என்று இவன் காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பான்.

மீதிப் போட்டோக்களை இனிமேல்தான் ஸ்கேன் செய்ய வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் பழையபடி முன்னறைக்குத் தூக்கி வந்தாள். குட்டை ஒயரின் பிளக்கையும் நீள ஒயரின் பிளக்கையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பிளக் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே எட்டு நூல் கம்பிகளின் வண்ணங்கள் தெரியும். இரண்டிலும் வண்ண வரிசை வேறு வேறாக இருந்தது.

மாமாவின் டிரங்குப் பெட்டியில் பிளக் அமுக்கும் குறடு இருந்தது, மிச்சமான இரண்டு பிளக்குகளும் இருந்தன. அவர் வருவதற்குள் தானே வெட்டி மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றியது. குறடைக் கையிலும் எடுத்துவிட்டாள். எடுத்தபின் அது திருட்டு மாதிரி இருந்தது. அந்த மனுசன் ஏணியில் நின்று வியர்வை வழிய இழுத்த ஒயர் அது. அவருக்குத் தெரியாமல் அதை வெட்ட அவளுக்குக் கை வரவில்லை. குறடை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

தேவசிகாமணி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மேசைமேல் குறடைப் பார்த்தார்.

"எதுக்கு கண்ணு இது?"

"மாமா, இந்த ரெண்டு பிளக்கையும் கொஞ்சம் பாருங்க. கலரு வேற வேறயா இருக்குதுங்க. எது சரின்னு எனக்குத் தெரியல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஹப்போடு வந்த கடை ஒயரைத்தான் முதலில் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "இது தப்பு சாமி. பச்சை ஜோடியப் பிரிச்சுப்புட்டான் பாரு. நடுவுல நீலத்தச் சொருகியிருக்கான். முறுக்கி வந்த ஜோடியப் பிரிக்கவே கூடாது. பிரிச்சா பக்கத்து லைன் பேச்செல்லாம் இதுல கேக்கும். என்றத பாரு. நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுனு. ஒவ்வொண்ணும் அதது ஜோடியோட பக்கத்துல."

"ஆமாங்க மாமா, உங்களுதுதான் பாக்க ஒழுங்கா இருக்குது" என்றாள் இன்பமேரி. அது உண்மையாகவும் இருந்தது. கார்டோடு வந்த சிறு புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்தாள். "இதுல ஒரு படம் போட்டிருக்கான். எனக்கு முழுசாப் புரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவர் புத்தகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். எட்டுத் துளைக்கும் எண் போட்டிருந்தது. ஒன்றும் இரண்டும் பேசுவதற்கு. மூன்றும் ஆறும் கேட்பதற்கு. மீதியெல்லாம் சும்மா. விரலால் தன் பிளக்கில் எண்ணினார். மூன்றாவது கம்பி ஆரஞ்சு ஜோடியிலிருந்து வந்தது. ஆறாவது பச்சை ஜோடியிலிருந்து வந்தது. ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொள்ளாத இரண்டு கம்பிகள். மறுபடி எண்ணினார். மூன்றாவது முறையும் எண்ணினார்.

கடைக்காரன் ஜோடியைப் பிரிக்கவில்லை. மூன்றும் ஆறும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும் என்றுதான் பச்சையை அப்படி வைத்திருந்தான். ஜோடியைப் பிரித்தது தேவசிகாமணிதான். டெலிபோன் ஒயருக்கு எது ஒழுங்கோ அதையே இதற்கும் செய்து, பிரித்திருந்தார். கடிதங்கள் சின்னவை, எப்படியோ தப்பிப் பிழைத்துப் போயின. படங்கள் இரைச்சலில் மாட்டிக்கொண்டன.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே கிளியூர்ப் பக்கமிருந்து பனி ஏறி வந்து ஜன்னலை மூடிக்கொண்டிருந்தது.

"இத சோதிச்சுப் பாத்தியா கண்ணு?"

அவள் பொய் சொல்லவில்லை. "பாத்தேனுங்க மாமா. கடை ஒயரு போட்டா உடனே போகுது."

"அவனுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலீங்க."

அவர் புத்தகத்தை மூடி வைத்தார். மெல்லக் கேட்டார். "சொல்லாம மாத்திட்டா அவனுக்கென்ன தெரியப்போவுது?"

இன்பமேரி குனிந்து, தரையில் விழுந்திருந்த பிளக் உறையை எடுத்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தால் அது ஒரு தீர்ப்பு மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. சில நேரம் ஒருவரைப் பார்க்காமல் இருப்பதும் அவருக்குச் செய்கிற உதவிதான்.

அவரே எழுந்தார். குறடை எடுத்துத் தன் பிளக்கை நறுக்கினார். "நீ கலரப் படிச்சுச் சொல்லு. எனக்குப் பச்சையும் நீலமும் இந்த வெளிச்சத்துல ஒண்ணாத் தெரியுது" என்றார். அவள் கடை ஒயரைப் பார்த்துப் படித்தாள். அவர் கம்பிகளைச் சீவி அடுக்கினார். பச்சையைப் பிரித்து நீலத்தை நடுவில் வைக்கும்போது அவர் விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு அமுக்கினார்.

இரண்டாவது முனை பின்னறையில் இருந்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு அவர் அந்த வாசலைத் தாண்டியதில்லை. இப்போது குறடும் கடைசிப் பிளக்குமாக உள்ளே போய்க் கட்டிலருகே நின்றார். இன்பமேரி வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"தாசு."

அவன் திரும்பவில்லை.

"மிஷின் ஒடையலடா. நீ ஒண்ணும் பண்ணல. ஒயர நான்தான் தப்பாப் போட்டுட்டேன். போட்ட நாள்லயிருந்து தப்பு. உன்ற மேல பழியப் போட்டுப்புட்டேன்."

ஆரோக்கியதாஸ் தலையை மட்டும் திருப்பி அப்பாவைப் பார்த்தான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று இன்பமேரிக்குச் சொல்லத் தெரியவில்லை. வாய் கோணியது. திட்டப் போகிறான் என்று அவள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மூணு நாளா" என்றான். "மூணு நாளா இந்தக் கைய வெட்டிப் போட்டுரலாமான்னு இருந்துச்சு. மிச்சமிருக்கறது இது ஒண்ணுதான், இதுவும் கெடுக்கத்தான் லாயக்குன்னு நெனச்சேன்."

கிழவர் கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்து, ஒயர் முனையை எடுத்து வெட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். கம்பிகளை வரிசைப்படுத்த முடியவில்லை. அவர் விரல்களையே ஆரோக்கியதாஸ் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டினான்.

"குடுங்க. நான் புடிச்சுக்கறேன். மேரி, கலரச் சொல்லு."

அவள் படித்தாள். மகன் கம்பிகளை விரலிடுக்கில் வரிசையாகப் பிடித்துக்கொண்டான், அப்பா பிளக்கைச் செருகிக் குறடால் அமுக்கினார். மாட்டினார்கள். இன்பமேரி முன்னறைக்கு ஓடி ஒரு படத்தை அனுப்பினாள். பின்னறையிலிருந்து உடனே சத்தம் வரவில்லை.

"வந்துருச்சு" என்றான் ஆரோக்கியதாஸ். கொஞ்சம் கழித்துக் கேட்டான். "இன்னும் எத்தன இருக்கு?"

"தொண்ணூத்தொம்பதுங்க."

"சனிக்கெழம காத்தால பஸ்ஸு. ஆவறது கஷ்டம் மேரி."

"தெரியுமுங்க."

பின்னறையில் கட்டில் கிறீச்சிட்டது. தலையணையை முதுகுக்கு இழுத்துக்கொள்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு அவன் பேசியது அவளிடம் இல்லை.

"அப்பா, இந்தப் பலகை சரியுது. கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா?"

இன்பமேரி எட்டிப் பார்த்தாள். மாமனார் கட்டிலுக்கருகில் முழங்காலிட்டு, மகனின் மடிமேல் இருந்த பலகையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் போய் அடுத்த படத்தை அனுப்பினாள்.