வயிற்றுக்கு என்று சொன்ன மாத்திரை

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எங்கள் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவசரத்துக்கு மட்டும் மிதிக்க வேண்டியது. நான் அதைத் தையல் மிஷின் மாதிரி மிதித்துக்கொண்டிருந்தேன். முன்னால் போகிற சைக்கிள்காரர் லேசாகத் திரும்பிப் பார்த்தால் மிதிப்பேன். நடைபாதையில் நாய் படுத்துத் தூங்கினால், திடீரென்று எழுந்து ஓடிவந்துவிட்டால் என்ன செய்வது என்று மிதிப்பேன். சிக்னல் பச்சையாக இருந்தால், இது இன்னும் எத்தனை நேரத்துக்கோ என்ற கவலையில் மிதிப்பேன். என்னிடம் படிப்பவர்கள் எனக்கு 'பிரேக் அக்கா' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இதனால் என்ன ஆனது என்றால், என்னிடம் படித்தவர்கள் ஸ்டியரிங்கை அழகாகப் பிடிப்பார்கள், கியரைப் பூப்போல மாற்றுவார்கள், பிரேக் போட மட்டும் வராது. தேவைக்கு முன்னாலேயே வண்டி தானாக நின்றுவிடுகிறதே, அவர்கள் எதற்குக் காலை அசைக்க வேண்டும்? டெஸ்ட் அன்றைக்குத்தான் குட்டு வெளிப்பட்டது. வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேர்வு அதிகாரியைப் பார்த்து நம்பிக்கையோடு சிரித்தபடியே வண்டியைக் கொண்டுபோய் மைதானத்து வேலியில் சாத்தினார். "நின்னுடும்னு நெனச்சேன்" என்றாராம். நல்லவேளை, அடி வேலிக்கு மட்டும்தான்.

எங்கள் ஓனர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். அன்றைக்குக் கிட்டத்தட்டக் காதோடு பேசினார்.

"மேடம், மத்தவங்ககிட்ட படிச்சவங்க லைசென்ஸ் வாங்கறாங்க. உங்ககிட்ட படிச்சவங்க வேலிய ஒடைக்கறாங்க. உடம்புக்கு ஏதாவது பிரச்சனையா?"

"வயிறு சார்" என்றேன்.

வாயில் வந்தது அதுதான். காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, காலையில் கண்ணைத் திறக்கவே பிடிக்கவில்லை, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன் என்றெல்லாம் ஒரு ஓனரிடம் சொல்ல முடியுமா? வயிறு மரியாதையான உறுப்பு. அதற்கு ஏதோ ஆகிவிட்டது என்றால் யாரும் மேற்கொண்டு குடைய மாட்டார்கள்.

அவர் குடையவில்லை. லீவு எடுத்து நன்றாகக் காட்டிக்கொண்டு வாருங்கள், இப்படியே போனால் எனக்கும் வேறு வழியில்லை என்றார். வேலை போய்விடும் என்பதைத்தான் அவ்வளவு மென்மையாகச் சொன்னார்.

அதே வயிற்றை வீட்டிலும் சொல்லிவைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எதையும் உற்றுப் பார்த்தே பழகிய மனிதர். எங்கள் வீட்டில் சமையலும் அவர் பொறுப்புதான். மனைவிக்கு வயிற்றில் புண் என்று கேள்விப்பட்ட அன்றே மிளகாய் டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து வேகவைத்த பூசணி, வேகவைத்த கேரட், உப்பு போட்டேன் என்று அவர் சத்தியம் செய்த சாதம். எனக்கோ காரம் இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. பொய் சொன்ன வாய்க்கு இது வேண்டியதுதான் என்று விழுங்கினேன்.

நிஜத்தில் நான் போனது நெஞ்சு டாக்டரிடம். அவர் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, "ஹார்ட் ஜம்முனு இருக்கும்மா. மனசுக்குப் பாக்கற டாக்டர ஒரு தடவ பாத்துடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் அவரை மனதுக்குள் திட்டினேன். பிறகு போனேன்.

மனநல டாக்டர் ஒரு பெண்மணி. அவசரமே தெரியாத ஆள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இது பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்து வந்தது, நிறையப் பேருக்கு வருவதுதான், மருந்து இருக்கிறது என்றார். மாத்திரை உடம்புக்குப் பழகும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்றும் சொன்னார். முதல் மாத்திரை எனக்குக் கொட்டாவியாக வந்தது. பேசினால் கொட்டாவி, நடந்தால் கொட்டாவி. ஒரு துக்க வீட்டில் வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நேரே போய் டாக்டரிடம் எரிந்து விழுந்தேன்.

"ஒத்துக்கலன்னா மாத்திப் பாப்போம்" என்றார் அவர். "செருப்புக் கடையில மொத ஜோடியேவா காலுக்குச் சரியா அமையுது?"

இரண்டாவது ஜோடி கடிக்கவில்லை. ஆனால் வேலை செய்கிறதா என்றும் தெரியவில்லை. சில வாரம் பொறுக்க வேண்டும் என்றார். பொறுமை என்னிடம் என்றைக்கு இருந்தது? அந்த இடைவெளியைத் தாண்டத்தான் அவர் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். என்னைப் போன்றவர்கள் தாங்களே கூடிப் பேசுகிற இடம்.

சலவைக் கடைக்கு மேலே ஒரு நடன வகுப்பு அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. தங்கள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே சோகத்தைச் சொல்ல யாருக்கும் பிடிக்காததால் நாற்காலிகளைக் கண்ணாடிக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பல் டாக்டர், ஒரு பேக்கரிக்காரர், வானொலியில் வானிலை வாசிக்கும் ஒரு பெண், இன்னும் சிலர். அந்தப் பெண்ணை எல்லோரும் வானிலை என்றே கூப்பிட்டார்கள். பல் டாக்டரைப் பார்த்து நாம் பயந்தால் அது நியாயம். அவர் நம்மைப் பார்த்துப் பயந்து, கதவுக்குப் பின்னால் நின்று மூச்சை எண்ணிவிட்டுத்தான் உள்ளே வருவாராம். கேட்டதும் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த அறையில் ஒரே சட்டம்தான். யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது. வெளியில் வாங்கி வாங்கி எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது. நடந்து போங்க, நாலு பேரோட பழகுங்க, உங்களுக்கு என்ன குறைச்சல் என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது, இங்கேயாவது காதுக்கு ஓய்வு வேண்டும் என்று வைத்த சட்டம். மீறினால் அன்றைக்கு டீ குடித்த கப்பெல்லாம் அவர்தான் கழுவ வேண்டும். நான் வீட்டுக்கு மூத்தவள், போதாக்குறைக்கு வாத்தியார். முதல் சனிக்கிழமையே பல் டாக்டருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துக் கப்பு கழுவினேன். அடுத்த வாரமும் நான்தான். பேக்கரிக்காரர் எனக்கென்றே ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிவந்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 'எனக்கும் அப்படித்தான்' என்று ஒருவர் சொல்லிக் கேட்பதில் என்ன இருக்கிறதோ தெரியாது, சனிக்கிழமை ராத்திரி மட்டும் நான் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமையும் தூங்கினேன்.

திரும்ப வேலைக்குப் போய்ச் சில நாள் கழித்து, ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பஸ் ஒன்று குறுக்கே வந்தது. வண்டி பதமாக நின்றது. நான் மிதிக்கவில்லை. குனிந்து பார்த்தால் என் கால் இரண்டும் வண்டித் தரையில் சாதுவாக இருந்தன. அவளாகவே பிரேக் போட்டிருந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து அவளும் அழ ஆரம்பித்தாள். வண்டியை ஓரம்கட்டி இரண்டு பேரும் மூக்கைச் சிந்தினோம்.

இத்தோடு ஒழுங்காக இருந்திருக்கலாம். எனக்குத்தான் சரியாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை என்று நானே நிறுத்திவிட்டேன். டாக்டரைக் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறவள் போய் டாக்டரைக் கேட்பானேன் என்ற கொழுப்பு. முதலில் தலை கிறுகிறுத்தது. வெயில் என்றேன். அப்புறம் எரிச்சல். அது என் சுபாவம் என்றேன். ஒருநாள் வண்டி நட்டநடு ரோட்டில் குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன் கிழிகிறது. ரோட்டில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்துபோனது, அவ்வளவுதான். என் கால் பிரேக்கில் இருந்தது.

அதற்கும் ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை கூட்டத்தில் பெருமையாகவே அறிவித்தேன். "நான் மாத்திரைய நிறுத்திட்டேன். இப்போ நான் நல்லாத்தான் இருக்கேன்."

அவர்கள் முகங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தும்மலை அடக்குகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். பல் டாக்டர் தன் பல்லையே கடித்துக்கொண்டார். வானிலை கூரையைப் பார்த்தார். சட்டம் சட்டம்தானே. கடைசியில் பேக்கரிக்காரர் எழுந்து நின்றார்.

"இன்னிக்குக் கப்பு நான் கழுவறேன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அறிவு இருக்கா? கேக் நல்லா உப்பி வருதுன்னு பாதியில அடுப்ப அணைப்பாங்களா? நானும் இப்படித்தான் நிறுத்தினேன். ஒரு மாசம் கடைய இழுத்து மூடிட்டுப் படுத்துக் கெடந்தேன். போய் டாக்டரப் பாருங்க."

"கழுவின கப்ப நான் தொடைக்கறேன்" என்று பல் டாக்டர் எழுந்தார். "நிறுத்தறதா இருந்தாலும் டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும் மேடம். நீங்களா முடிவு பண்ணக் கூடாது."

"அடுக்கி வைக்கறது நான்" என்றார் வானிலை. "அக்கா, நீங்க நிறுத்தினது வீட்ல யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் திரும்ப முடியாமப் போனா யார் கவனிப்பாங்க?"

"வீட்ல வயிறுன்னு சொல்லியிருக்கேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதற்கும் அறிவுரை சொல்லலாம் என்றால், கழுவ அங்கே கப்பு மிச்சமில்லை. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, படியிறங்கும்போது சிரிப்பும் வந்துவிட்டது. என்மேல் அக்கறை இல்லாவிட்டால் மூன்று பேர் சிங்க்குக்கு அடித்துக்கொள்வார்களா?

அன்று சாயங்காலம் கணவர் பூசணித் துண்டுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். என் தட்டிலும் பூசணி, அவர் தட்டிலும் பூசணி. டாக்டரிடம் மறுபடி போக எனக்குப் பயமில்லை. இவரிடம் சொல்லத்தான் பயம். என்னைத் தைரியசாலி என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிற மனிதர். சொன்ன பிறகு வேறு மாதிரி பார்த்துவிட்டால்? இனிமேல் வாய்க்கு வாய் பேசாமல், என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தூக்கி வைத்துவிட்டால்? அதற்கு நானே போய் வேலியில் மோதலாம்.

"என் வயித்துக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

அவர் கையிலிருந்த ஸ்பூன் நின்றது. "அப்போ அந்த மாத்திர?"

"எந்த மாத்திர?"

"டப்பா மேல ஒரு பேரு, உள்ள அட்டையில வேற பேரு. ஆரம்பத்துலயே பாத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொடி எழுத்துப் படிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவரிடம் நான் வயிற்று மாத்திரை டப்பாவுக்குள் போட்டு ஏமாற்றப் பார்த்திருக்கிறேன்.

"பாத்துட்டு என்னன்னு தேடலையா? போன்ல போட்டாலே வந்துருக்குமே!"

"பேர அடிப்பேன். உடனே அழிச்சுடுவேன்." தட்டையே பார்த்துக்கொண்டு பேசினார். "நீ பாத்ரூம்ல அழுவறது கேக்கும். எங்கிட்டயே மறைக்கறன்னா பெரிய வியாதியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். தேடி, அதான்னு வந்துட்டா? நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பயம், சோர்வு, கொட்டாவி, சனிக்கிழமை, பிரேக், நானே நிறுத்தியது, எதையும் பூசி மெழுகவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்போ நீ சாக மாட்டியே?" என்று நடுவில் ஒரு தடவை கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார்.

அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. போன வாரம் ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவருக்குக் கொடுத்தனுப்பினார் என்று கேள்விப்பட்டு, வயதாகிறது என்று கேலி செய்திருந்தேன். பயம் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒரே மேஜையில் எதிரே உட்கார்ந்து பூசணி தின்றவரிடம் அது எனக்குத் தெரியவே இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய்க்கு அவர் தனியாக நடுங்கியிருக்கிறார்.

"திங்கக்கெழம டாக்டர்கிட்ட போறேன்" என்றேன். "நிறுத்தினதச் சொல்லிட்டு வரணும்."

"நானும் வரேன்."

"எனக்கு எதுக்குங்க தொண? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"உனக்கு இல்ல" என்றார். "எனக்கு. கொஞ்ச மாசமாவே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. கடையில உக்கார முடியல. யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல."

நான் என் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

"என்கிட்ட சொல்லுங்க" என்றேன்.