நாற்பத்தாறாம் பக்கத்து மடிப்பு

வெள்ளை நூல் முடிந்துபோயிருந்தது. அதனால் என் கணவர் றிக்சனின் சட்டையில் மூன்றாவது பொத்தானைக் கறுப்பு நூலால் தைத்தேன்.

"என்னப்பா இது? கரையில சிரிக்கப்போறாங்கள்."

"வலை இழுக்கப் போற ஆளுக்குக் கலியாணச் சட்டையோ வேணும்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு படியிறங்கினார். போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை.

அன்று பின்னேரம் துறைமுகத்துக்கு வெளியே அவர் போன படகு புரண்டது. நான்காம் நாள் இறக்கக்கண்டிக் கரையில் அவரைக் கண்டெடுத்தார்கள். சவப்பெட்டியை மூடியே தந்தார்கள். கோபத்தோடுதான் கடலுக்குப் போனாரா, கரைக்குப் போய்ச் சேருமுன் ஆறிவிட்டாரா? மூன்று வருடமாக இதை நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.

போன மாசியில் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் ஒரு படப்புத்தகக் கூட்டம் நடந்தது. இராகுலன் என்ற படப்பிடிப்பாளர் எங்கள் கரையில் எடுத்த படங்களைப் புத்தகமாக்கி, அதைப் பற்றிப் பேச வந்திருந்தார். ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் படுத்திருந்தது, அதை எழுப்பிவிட்டுக் கதிரை அடுக்கினார்கள். மேசையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டினேன்.

நாற்பத்தாறாம் பக்கத்தில் வலைக்கயிறு இழுக்கிறார்கள். படத்தின் கீழே படகு புரண்ட அந்த நாளின் திகதி. ஓரத்தில் ஒருவர் குனிந்து நிற்கிறார். வெள்ளைச் சட்டை, மூன்றாவது பொத்தானில் கறுப்பு நூல். கழுத்துக்கு மேலே புத்தகத்தின் நடுமடிப்பு விழுங்கிவிட்டது. நாற்பத்தேழாம் பக்கம் றிக்சன் போன படகின் முதலாளி குணரத்தினம் சம்மாட்டியின் வயிற்றிலிருந்து தொடங்கியது.

"இந்தக் கயிறிழுக்கிற படத்தை ஒரு பக்கத்துக்குள்ள அடக்கேலாது. அதாலதான் ரெண்டு பக்கத்துக்கும் ஓட விட்டம்," என்று மேடையில் இராகுலன் சொன்னார். கை தட்டினார்கள்.

"ஓம் தம்பி, என்ர வயித்துக்கே ஒரு முழுப்பக்கம் தேவைப்பட்டிருக்கு!" என்றார் சம்மாட்டி. மண்டபம் சிரித்தது.

கேள்வி நேரத்தில் எழும்பினேன். "அந்த மடிப்புக்குள்ள நிக்கிறவர் என்ர மனுசன். எனக்கு அவற்ற முகத்தைப் பார்க்கவேணும்."

சம்மாட்டி குனிந்துகொண்டார். இராகுலன் ஒலிவாங்கியைக் கீழே வைத்தார். "அக்கா, மூலப்படம் கொழும்பில இருக்கு. அனுப்பிவிடுறன்."

"எப்ப தம்பி?"

அவர் பதில் சொல்லுமுன் நஸ்ரின் மேடையை விட்டு இறங்கி வந்தாள். புத்தகத்தை வடிவமைத்துக் கையால் கட்டியவள் அவள்தான், கிண்ணியா ஊர்ப் பிள்ளை. "மடிப்பு என்ர வேலை, அக்கா. விரலளவு உள்ளுக்குப் போகும் எண்டு தெரியும். அதுக்குள்ள ஆர் நிக்கிறது எண்டு பார்க்கேல்ல." பையிலிருந்து தாள் வெட்டும் பிளேட்டை எடுத்தாள்.

"நஸ்ரின், அது கண்காட்சிப் பிரதி!" என்றார் இராகுலன்.

"இன்னொண்டு கட்டலாம்."

அட்டையை உரித்து, தையலை வெட்டி, அந்தத் தாளை மட்டும் உருவி மேசையில் விரித்தாள். மடிப்பு நெடுக ஊசித் துளைகள். ஒன்று அவர் கன்னத்தில் விழுந்திருந்தது.

வாய் திறந்திருந்தது. வெயிலுக்குக் கண்கள் இடுங்கியிருந்தன. சிரிப்பா, ஏச்சா, கயிறு இழுக்கப் போட்ட சத்தமா? கிட்டப் போய்ப் பார்த்தேன். எட்ட நின்றும் பார்த்தேன்.

"சிரிக்கிறான், பிள்ளை, வடிவாப் பாரும்," என்றார் சம்மாட்டி.

"நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள். என்ன சொல்லிச் சிரிச்சவர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி, உடுத்திருந்த சறத்தில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நஸ்ரின் அந்தத் தாளை என்னிடமே தந்துவிட்டாள். அலுமாரியில் வைத்திருக்கிறேன். காலையில் எடுத்துப் பார்த்தால் ஒரு முகம், பின்னேரம் பார்த்தால் வேறு முகம். மூன்றாவது பொத்தான் கறுப்பு நூலில் இருக்கிறது.