இழுவைக்காகத் தேய்த்த ஊசி

பழைய டர்போ கார் கறுப்பாகப் புகை தள்ளுவதில் சின்னண்ணனுக்கு ஒரு காலத்தில் பெருமைதான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளோடு பழகிய ஆள். புகைவிடாத டீசல் வண்டிக்கு இழுவை கிடையாது என்பது அவர் எண்ணம்.

வாங்கிய புதிதிலேயே நாமக்கல்லில் ரிக் வண்டிகளின் டீசல் பம்பு பார்க்கும் அறிவழகனிடம் கொண்டுபோய் நிறுத்தினார். டர்போ காற்றைத் தள்ளும்வரை டீசலை அடக்கிப் பிடிக்க அந்தக் காரின் டீசல் பம்பின் தலையில் ஓர் ஊசி உண்டு. புகைச் சட்டத்துக்காகக் கம்பெனிக்காரன் வைத்து, முத்திரையும் போட்டிருந்தான்.

"கடா கழுத்துல கட்டை கட்டுன மாதிரி இருக்குதுங்ணா. தேச்சு உட்டர்றனுங்க" என்றான் அறிவழகன்.

"உடு சாமி, அதுக்குத்தான வந்தது."

முத்திரையை உடைத்தார்கள். ஊசியின் சரிவைக் கல்லில் தேய்த்தார்கள். கார் கறுப்புப் புகையோடு பறந்தது.

பிறகு மனைவி சென்னியம்மாளுக்கு இடுப்பு மடங்காமல் போயிற்று. பஸ்ஸிலும் ஏற முடியாது, ஆட்டோவிலும் குனிய முடியாது. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் சொல்லி, காரின் முன்சீட்டைக் கதவுப் பக்கம் திரும்புகிற மாதிரி பற்றவைத்து வாங்கினார். நின்றபடி சாய்ந்து உட்காருவாள். அவர் சீட்டோடு அவளை உள்ளே திருப்புவார். ஆஸ்பத்திரிக்கு, இளம்பிள்ளையில் தங்கை வீட்டுக்கு, எங்கே போனாலும் அதில்தான்.

இப்போது காரின் பதிவு முடிகிறது. புதுப்பிக்கப் புகைச் சோதனை உண்டு. சோதனை நிலையத்தில் புகைக்குழாயில் கம்பியைச் செருகி ஆக்சிலேட்டரை மிதித்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பழைய ஊசியே போட்டுரு" என்று அறிவழகனிடம் போய் நின்றார்.

"எங்கீங்ணா கெடைக்குது? சட்டம் இறுக இறுக, டீசல் அளக்கறதெல்லாம் கம்ப்யூட்டர் கைக்குப் போயிருச்சு. இந்தப் பம்பே இப்ப யாரும் செய்யறதில்லீங்க." தலையைச் சொறிந்தான். "தேச்சது நான்தான். லேத்துல ஒண்ணு கடைஞ்சு பாக்கறேன்."

கடைந்தான். பழைய சரிவு எவ்வளவு என்று தெரிந்தவர் யாருமில்லை. இரண்டாம் முறை சோதனைக்குப் போகும்போது, கல்யாண மண்டபத்துக்குப் போகிறவள் போலச் சேலை மாற்றிக்கொண்டு சென்னியம்மாளும் வந்தாள்.

மறுபடியும் சிவப்பு.

"கொஞ்சம் பாத்துப் போடுங்க தம்பி. இவ வெளிய போறது இதுலதானுங்க."

"நான் போடறது இல்லீங்கய்யா, மெஷின் போடுது" என்றார் அங்கிருந்த அலுவலர். குரலில் கடுமை இல்லை. கடுமையாவது இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

திரும்பும் வழியில் பட்டறையில் நிறுத்தி, இந்தச் சீட்டைப் புதுக் காருக்கு மாற்றலாமா என்று கேட்டார். பட்டறைக்காரர் கையை விரித்தார். புது வண்டியில், மோதினால் விரியும் காற்றுப்பையின் ஒயரெல்லாம் சீட்டுக்குள்ளேயே ஓடுகிறதாம். வெட்டிப் பற்றவைத்தால் அந்த வண்டியும் தகுதிச் சோதனையில் நிற்காதாம்.

வீட்டு வாசலில் அவர் சீட்டின் கொக்கியை விடுவித்தார். சென்னியம்மாள் அசையவில்லை.

"ஏனுங்க, இனி வண்டிய எடுக்கவே கூடாதுங்களா?"

"பதிவு முடிஞ்சா ரோட்டுல ஏறக் கூடாதுங்கறாங்க."

"இழுவை வேணும்னு கேட்டீங்களே, நல்லா இழுத்துச்சுங்க" என்றாள். கேலியா என்று முகத்தைப் பார்த்தார். தெரியவில்லை.

சீட்டைத் திருப்பக் கை வைத்தார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. எறங்குனா எறங்குனதுதான. செத்த நேரம் இப்படியே உக்காந்துக்கறேன்."

சின்னண்ணன் கையை எடுத்துவிட்டு, கதவருகிலேயே நின்றார்.