லாக்கரில் இருந்த சொல்

கல்லூரி வேதியியல் ஆய்வக உதவியாளர் அன்று காலை கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது அதுதான். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் லாக்கரில், கறுப்பு மார்க்கரால், கொட்டை எழுத்தில் 'சாக்கடை' என்று எழுதியிருந்தது. அவளுடைய அப்பா சாக்கடை அடைப்பு எடுப்பவர். யார் எழுதியது என்று உதவியாளர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வால் நீண்ட அந்தக் 'க'வைக் கைபிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். சொந்த அக்கா மகன், அவளோடு அதே வகுப்பில் படிப்பவன்.

பஞ்சில் அசிட்டோனை ஊற்றிச் சுவடு தெரியாமல் துடைத்தார். பாவம், பிள்ளை கண்ணில் படாமல் போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவளோ முந்தின நாள் மாலையே பார்த்துவிட்டுப் புகாரும் கொடுத்திருந்தாள். மதியம் விசாரணைக் குழு வந்தபோது லாக்கர் பளிச்சென்று இருந்தது.

"போட்டோ எடுக்கலையாம்மா?" என்று கேட்டார் துணை முதல்வர்.

"அதை என் போன்ல வச்சுக்கப் பிடிக்கல மேடம்."

துணை முதல்வர் உதவியாளர் பக்கம் திரும்பினார். "காலையில நீங்கதானே திறந்தீங்க? ஏதாவது எழுதியிருந்துச்சா?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்க மேடம்." வாய் முந்திக்கொண்டது.

குழுவில் ஒருவர் லேசாகச் சிரித்தார். எல்லோரும் போனபின் அவள் மட்டும் நின்றாள்.

"அண்ணே, இந்த ஒரு கதவுல மட்டும் அசிட்டோன் வாடை அடிக்குது. நீங்க துடைச்சதுகூடப் பரவாயில்ல. என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே."

அவளுக்காகவா துடைத்தார்? அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் பயந்தல்லவா துடைத்தார்!

நேரே துணை முதல்வர் அறைக்குப் போய், பார்த்தது, துடைத்தது, கையெழுத்து யாருடையது, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். 'எனக்கு அக்கா மகன்' என்று எழுதும்போது பேனா இரண்டு முறை நின்றது.

"பொய் சொன்னதுக்கு உங்க மேலயும் நடவடிக்கை வரும்."

"வரட்டும் மேடம்."

வந்தது. பையன் செய்ததை ஒப்புக்கொண்டான்; ஒரு பருவம் இடைநீக்கம். மாமனுக்கு எச்சரிக்கைக் கடிதம். "நீயெல்லாம் கூடப்பிறந்தவனா?" என்று போனை வைத்த அக்கா அப்புறம் பேசவேயில்லை. குழு மாணவியிடம் மன்னிப்புக் கேட்டது. அவரும் போய்க் கேட்டார்.

"எழுதிக் குடுத்தீங்கன்னு சொன்னாங்க. சரிண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் ஒரு குடுவை வேண்டுமென்றாலும் இன்னொரு உதவியாளரிடம்தான் கேட்கிறாள். அவள்மேல் தப்பில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், அவள் மேசையைக் கடக்காமல் சுற்றிக்கொண்டு போகிறார்.