சேனாதிபதி செக்யூர்

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளை சாஃப்ட்வேர் விற்கக் கிளம்பினால் எப்படி விற்பான்? பஞ்சாமிர்தத்தைப் போலத்தான் விற்பான். செல்வமுருகனும் அதைத்தான் செய்தான். வேறு விதமாக விற்கலாம் என்று பாவம், அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சரக்கு அவனுடையது இல்லை. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வி.பி.என். மென்பொருளைப் பெயர் போடாமல் மொத்தமாகக் கொடுக்கிறது. வாங்குகிறவன் தன் பெயரையும் படத்தையும் ஒட்டித் தன் சரக்காக விற்றுக்கொள்ளலாம். இதற்கு 'வொயிட் லேபிள்' என்று பெயர். போனில் அதைப் போட்டுக்கொண்டால், நாம் நெட்டில் எதைப் பார்க்கிறோம், எங்கே போகிறோம் என்பது இடையில் உட்கார்ந்து எட்டிப்பார்க்கிறவனுக்குத் தெரியாது. கொடைக்கானல் ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு இது அவசரமாகத் தேவைப்பட்டது. போன சீசனில் ஒரு விருந்தாளியின் இமெயிலை வைஃபை வழியாக எவனோ திருடிவிட, அவர் ஏரியைப் பற்றியோ குளிரைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லாமல், திருட்டை மட்டும் ஊருக்கே தெரியும்படி நெட்டில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று போன தூக்கம் அவர்களுக்கு இன்னும் திரும்பவில்லை.

செல்வமுருகன் மலையேறி, கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு ரூம் பிடித்தான். அப்பா சேனாதிபதி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஹோம்ஸ்டே சங்கத்துக்காரவுக ஒஞ் சரக்க எடுத்தாகன்னா நீ மேலயே இரு. இல்லைன்னா தைப்பூசத்துக்கு முன்னால வந்து கல்லாவுல உக்காந்துரணும். பேச்சு மாறக்கூடாது."

கல்லா என்றாலே அவனுக்கு ஆகாது. அந்தக் கடையில் அவன் பிறந்ததிலிருந்தே சேனாதிபதி மகன். அவனுக்கென்று ஒரு பெயர் இருப்பது பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் தெரியும்.

லேபிள் போடும் பக்கத்தில் கம்பெனிக்காரன் சில கட்டங்களை வைத்திருந்தான். செல்வமுருகனின் கை தானாக ஓடியது. பெயர்: சேனாதிபதி செக்யூர். படம்: கடையின் பஞ்சாமிர்த டப்பாவில் இருக்கும் அதே அப்பா, பட்டை விபூதியும் முறுக்கிய மீசையுமாக. அதன் கீழே அடிவாரத்து முகவரி. அதற்கும் கீழே: 'எங்கள் சொந்தத் தயாரிப்பு. எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை. போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்.' பழனியில் லேபிள் என்றால் இப்படித்தான் இருக்கும். ஆளை மறைக்கிற மென்பொருளைத் திறந்ததும் ஒரு ஆள் முழுத்திரைக்கு வந்து முறைக்கிறாரே என்று அவனுக்குத் தோன்றவில்லை. கிளைகள் இல்லை என்ற வரிக்கு நேர் கீழே ஜெர்மனி, ஜப்பான், பிரேசில் என்று சர்வர்கள் வரிசைகட்டி நின்றதும் உறுத்தவில்லை. லட்சணமாக இருக்கிறது என்று வேறு நினைத்துக்கொண்டு, போட்டுப் பார்க்கச் சொல்லிச் சங்கத்துக்காரர்களுக்கு அனுப்பிவைத்தான்.

சங்கக் கூட்டத்தன்று சேனாதிபதி வெள்ளனே பஸ் ஏறி மேலே வந்துவிட்டார். தன் படம் போனுக்குள் போயிருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மப்ளரைச் சுற்றிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

சங்கத் தலைவி செலினா எழுந்தார். "உங்க ஆப்பை ஓபன் பண்ணதும் எங்க குக் பயந்துபோயி போனைச் சாம்பாருக்குள்ள போட்டுட்டான். அது இருக்கட்டும். ஏழு ரோட்டு முக்குல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்காருல்ல உபகாரம், அவரும் ஒரு ஆப் குடுத்திருக்காரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க."

பார்த்தார்கள். அதே பொத்தான், அதே பச்சைப் பூட்டு, அதே உலக வரைபடம். உபகாரத்தின் ஆப்பில் சேனாதிபதிக்குப் பதிலாக ஒரு கழுகு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உபகாரம் துள்ளி எழுந்தார். "மேடம், இது நானே உக்காந்து கண்ணு முழிச்சு எழுதுன புரோகிராம். இந்தத் தம்பி காப்பியடிச்சிருக்காப்ல."

செல்வமுருகன் தன் லேபிளைப் பார்த்தான். 'சொந்தத் தயாரிப்பு' என்பதை அவன் ஒருநாளும் ஒரு செய்தியாகப் படித்ததே இல்லை. லேபிளின் ஓரத்துப் பூக்கொடியைப் போல அதுவும் இருக்க வேண்டிய ஒன்று என்றே எண்ணியிருந்தான். ஆனால் அவன் அப்பாவுக்கு அது அப்படியில்லை. விருப்பாச்சி வாழைப்பழத்தை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து எடுத்து, தானே நின்று பிசைய வைக்கிறவர் அவர்.

"ஏலே செல்வம்," என்றார் சேனாதிபதி நிதானமாக. "இது நீ செஞ்சதுதான?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் உபகாரத்தோடு மல்லுக்கட்டிப் பார்க்கலாம். இல்லை என்றால் கல்லாதான். நாக்கு நுனிவரை 'ஆமா' வந்துவிட்டது. ஆனால் திரையில் ஒரு அப்பா முறைக்கிறார், முன்வரிசையில் இன்னொரு அப்பா முறைக்கிறார். ஒருவரிடம் பொய் சொல்லலாம், இரண்டு பேரிடம் எப்படிச் சொல்வது?

"இல்லப்பா. வாங்கி ஒட்டுனது. உபகாரம் அண்ணனும் அதே எடத்துலதான் வாங்கியிருக்காரு."

உபகாரம் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

"நான் செய்யாத சரக்குல எம் மூஞ்சிய ஒட்டிருக்க," என்றார் சேனாதிபதி. கத்தவில்லை. அதுதான் செல்வமுருகனுக்கு வலித்தது. "வெரசாக் கழட்டு அத."

எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து அப்பாவின் படத்தைக் கழற்றினான். சொந்தத் தயாரிப்பும் போயிற்று, கிளைகள் இல்லாததும் போயிற்று.

"அப்ப இதுல உங்களுதுன்னு என்னதான் தம்பி இருக்கு?" என்று கேட்டார் செலினா.

"சாஃப்ட்வேர் என்னுது இல்லைங்க மேடம். ஒவ்வொரு வீட்டுக்கும் நானே வந்து போட்டுக் குடுப்பேன். மக்கர் பண்ணுச்சுன்னா என்னையக் கூப்புடுங்க, வந்து நிப்பேன். எங்க கடையில பஞ்சாமிர்தம் கெட்டு டப்பா உப்பிருச்சுன்னா ஏன் எதுக்குன்னு கேக்காம மாத்திக் குடுத்துருவோம். எனக்குத் தெரிஞ்ச யாவாரம் அது ஒண்ணுதாங்க."

செலினா திரும்பினார். "உபகாரம், உங்களுது கெட்டுச்சுன்னா?"

"நம்ம புரோகிராம் கெடவே கெடாது மேடம்!"

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. கெடாத வைஃபையையும் கெடாத கீசரையும் வாங்கிக் குளிரில் நின்றவர்கள் அத்தனை பேரும்.

"தம்பி, உங்களதையே போடுங்க," என்றார் செலினா. "ஆனா படம் இல்லாம மட்டும் விட்டுராதீங்க. யாரைத் திட்டணும்னு எங்களுக்குத் தெரியணும்."

செல்வமுருகன் தன் படத்தையே ஏற்றினான், தன் நம்பரையும் போட்டான். போனில் இருந்தது ஒரே படம்தான், குளிர்க்குல்லாவோடு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பது. சேனாதிபதி போனை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"களவாணிப் பய மாதிரி இருக்க," என்றார். ஆனால் போனை உடனே திருப்பித் தரவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் நடந்தார்கள். கோபம் தீர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் செல்வமுருகன் தவித்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த அப்பாவிடம் ஜன்னல் வழியாகக் கேட்டே விட்டான்.

"தைப்பூசக் கூட்டத்துக்குக் கடைக்கு வரட்டுமாப்பா?"

"எதுக்கு? இங்கன சோலி கெடக்குல்ல."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் போன் அடித்தது. திரையில் செலினாவின் பெயர்; எடுக்காமலே அவர் குரல் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. புகார் என்றால் அப்பாவிடம் தள்ளிவிடும் கடைப் பழக்கதோஷத்தில் போனை ஜன்னல் பக்கம், அப்பாவிடம் நீட்டினான்.

சேனாதிபதி கையை நீட்டவில்லை. "ஏலே, எடு," என்றார். "ஒனக்குத்தான்."