சம்பந்தியின் முதுகு

அந்தத் தெருவில் அவருக்கு ஜாக்கி என்றுதான் பெயர். வாலிபத்தில் ஒருநாள், பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சரான சக்கரத்தோடும் உடைந்த ஜாக்கியோடும் முழித்துக்கொண்டு நின்றபோது, காரின் பின்மூலையை வெறும் கையால் தூக்கிப் பிடித்தாராம். சக்கரம் மாட்டி முடிகிறவரை வாயிலிருந்த பீடிகூட அணையவில்லையாம். இதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. இருந்தாலும் பெயர் நின்றுவிட்டது. பஸ் ஓட்டிச் சம்பாதித்த பெயர் மறைந்து, தூக்கிச் சம்பாதித்த பெயர் நிலைத்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதற்குள் அவரைப் போலவே இருமுகிற ஒரு பழைய கார். ஒர்க்‌ஷாப்பில் விடமாட்டார். நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டைச் சாமானை மாட்டி அனுப்புவான் என்பார். அவர் நம்பாத ஆட்கள் நிறையப் பேர். டாக்டரை நம்பமாட்டார். சாமானின் மேல் இத்தனை கிலோ தாங்கும் என்று ஒட்டி வருகிற சீட்டை நம்பமாட்டார். சிரித்துச் சிரித்துப் பேசுகிறவனை அறவே நம்பமாட்டார்.

அவருடைய சம்பந்தி, அதாவது மகளைக் கட்டிய மாப்பிள்ளையின் அப்பா, சிரித்துச் சிரித்துப் பேசுகிறவர்.

சம்பந்தி உயரமான கட்டடங்களில் லிஃப்ட் மாட்டி, பழுது பார்த்து, ஓய்வு பெற்றவர். தேய்த்த வெள்ளைச் சட்டை போடாமல் வாசலைத் தாண்டமாட்டார். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பார். அதிலும் ஜாக்கிக்கு ஒரு சந்தேகம். கண்ணைப் பார்த்துப் பேசாத மனுஷன் என்ன மனுஷன்?

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சம்பந்தி சாப்பிட வந்திருந்தார். கொட்டகையில் கார் பானெட்டும் ரேடியேட்டரும் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இன்ஜினில் பேரிங் தட்டுகிற சத்தம். வெளியே எடுத்துத்தான் ஆகவேண்டும். ஆயிலை வடித்து, ஒயரைக் கழற்றி, கியர்பாக்ஸுக்கு அடியில் நிஜ ஜாக்கியை முட்டுக் கொடுத்து, போல்ட்டையெல்லாம் ஜாக்கி எடுத்துவிட்டார். தூக்குவதுதான் பாக்கி.

தூக்க அவருக்கு ஒரே முறைதான் தெரியும். இன்ஜினில் சங்கிலி மாட்டு, சங்கிலியில் இரும்புக் குழாயை விடு, ஆளுக்கொரு பக்கம் தோள் கொடு, எழுந்திரு. எதிர்த்தோள் எப்போதும் பக்கத்துத் தெரு பெயிண்டர்தான். அவனுக்கு மூட்டில் ஆபரேஷன். கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்கிறான்.

"பெயிண்டர் வரலியா? அப்ப நான் ஒரு கை குடுக்கறேன் சம்பந்தி" என்றார் சம்பந்தி.

ஜாக்கி சங்கிலியைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரணம் யாருக்கும் தெரியாது. போன தடவை கியர்பாக்ஸைத் தூக்கியபோது இடுப்பில் சுளீரென்று ஒன்று பிடித்து, அது இடது கால் வழியாக இறங்கிப் பாதத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. விரல்கள் மரத்துவிட்டன. செருப்பு நழுவினால்கூடத் தெரிவதில்லை. இன்னொரு தடவை கனம் தூக்கினால் அந்தக் கால் உங்களுடையது இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து, "தைலம் தேச்சா போதுமாம்" என்றார் ஜாக்கி.

பெயிண்டராக இருந்தால், "போடா, இன்னிக்கி முடியல" என்று திட்டி அனுப்பலாம். இவர் சம்பந்தி. பெண் கொடுத்த இடத்தில் எனக்கு வயசாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம், சட்டை அழுக்காயிடும்" என்றார்.

"சட்டைய கழட்டிட்டா போச்சு."

கழற்றி மடித்து, மூலையில் கிடந்த பெரிய அட்டைப்பெட்டியின் மேல் வைத்தார் சம்பந்தி. பெட்டியில் இருப்பது சக்கரம் வைத்த குட்டிக் கிரேன். ஒற்றைக் கை நீட்டிக்கொண்டு கொக்கு மாதிரி நிற்கும்; கைப்பிடியை அமுக்க அமுக்கத் தூக்கும். மகளும் மாப்பிள்ளையும் வாங்கித் தந்தது. ஜாக்கி அதைப் பிரிக்கவே இல்லை. ஊன்றுகோல் வாங்கித் தந்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவருக்கு. டீ டம்ளர் வைக்க மட்டும் பெட்டி உதவியது.

சமையலறை வாசலிலிருந்து மனைவி குரல் கொடுத்தார். "ஏங்க, புள்ளைங்க ஆசையா வாங்கிக் குடுத்தது அங்க டீ குடிக்குது. நீங்க இங்க தோள் குடுக்கறீங்களா?"

"நீ அடுப்பப் பாரு. இன்ஜினும் குக்கரும் ஒண்ணுல்ல."

"குக்கர்ல விசில் வரும், உங்ககிட்ட அதுவும் வராது. படுத்தப்புறம்தான் முனகுவீங்க."

ஜாக்கி முறைத்தார். சம்பந்தி வழக்கம் போலத் தரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "சம்பந்தி, தூக்கறது சரி. எங்க கொண்டுபோய் வெக்கப்போறோம்?"

"மொதல்ல தூக்குவோம், அப்புறம் பாத்துக்கலாம்."

"லிஃப்ட்ல அப்படிச் சொன்னா ஆளு ரெண்டு மாடிக்கு நடுவுல நிப்பான்" என்று சிரித்தார் சம்பந்தி. ஜாக்கி சிரிக்கவில்லை. சங்கிலியை இழுத்துப் பார்த்தார், குழாயை விட்டார், தோளைக் கொடுத்தார்.

"ம்."

எழுந்தார்கள். இன்ஜின் முனகிக்கொண்டு தாங்கியை விட்டு ஒரு விரல் மேலே வந்தது. அவ்வளவுதான், ஜாக்கியின் இடது கால் காணாமல் போய்விட்டது. வலித்தால்கூடத் தேவலை. தரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. முழங்கால் ஆடத் தொடங்கியது. 'எறக்குங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை ஒரு தடவைகூட அவர் முதலில் சொன்னதில்லை. கால் போனாலும் போகட்டும் என்று பல்லைக் கடித்தார்.

"அய்யய்யோ! சம்பந்தி, எறக்குங்க, எறக்குங்க! என் முதுகு போச்சு!"

கத்தியது சம்பந்தி. அடுப்படி வரைக்கும் கேட்கிற கத்தல். ஆனால் கத்தினாரே தவிர, குழாயைப் போடவில்லை. கத்திக்கொண்டே முழங்காலை மடக்கி, இன்ஜினை மெதுவாகப் பழைய இடத்தில் உட்காரவைத்து, அதற்கப்புறம்தான் வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அட்டைப்பெட்டியில் சாய்ந்தார்.

ஜாக்கிக்கு உயிர் வந்தது. கூடவே கொஞ்சம் கர்வமும் வந்தது. "வயசாச்சில்ல சம்பந்தி. எல்லாருக்கும் என்னை மாதிரி உடம்பு வாய்க்குமா?" என்றார் பெருந்தன்மையாக.

"அதான் பாத்தேனே" என்றார் சம்பந்தி. "எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். இந்தப் பெட்டியப் பிரிச்சிடலாமா? நீங்க தனியா தூக்கிடுவீங்க. எனக்குத்தான் சும்மா நிக்கக் கூச்சமா இருக்கு."

"உங்களுக்காகன்னா சரி."

பிரித்தார்கள். ஜாக்கி ஒவ்வொரு துண்டையும் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார். கிரேனின் கையில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் இத்தனை கிலோ என்று சீட்டு. "இதெல்லாம் சும்மா விக்கறதுக்காக எழுதறது" என்றார்.

"நம்பாதீங்க. நானும் நம்பமாட்டேன்."

ஜாக்கி நிமிர்ந்து பார்த்தார். இது அவர் எதிர்பார்க்காத பேச்சு.

"கைய நீட்ட நீட்ட தாங்கற கனம் கொறையும். அதனால எட்டற மட்டும் நீட்டினா போதும்" என்றார் சம்பந்தி. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் விரலால் உருட்டினார். கொக்கியின் நாக்கு மூடுகிறதா என்று திறந்து திறந்து பார்த்தார். சங்கிலியைப் பிடிக்க இன்ஜினில் ஜாக்கி முடுக்கியிருந்த போல்ட் ஒன்றைக் கழற்றி, "இது முக்கால்வாசி வெளியே நிக்குது. இன்னும் கட்டையா ஒண்ணு இருக்கா? அடி வரைக்கும் உக்காரணும்" என்றார். இருந்தது. உட்கார்ந்தது. ஜாக்கிக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. தன்னை விடச் சந்தேகப்படுகிற ஒரு பிராணியை அவர் அன்றுதான் பார்க்கிறார்.

இன்ஜின் ஒரு விரல் மேலே வந்ததும் சம்பந்தி கையைக் காட்டினார். கிரேனின் பளபளக்கும் தண்டு உறைக்குள் நுழைகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. "இப்ப டீ குடிப்போம்."

"தொங்க விட்டுட்டா?"

"தொங்கட்டும். டீ குடிச்சிட்டு வந்து பாப்போம். கோடு எறங்கியிருந்தா அதுக்குள்ள ஆயில் ஒழுகுதுன்னு அர்த்தம். நாம எட்ட இருக்கும்போது அது பொய் சொல்லட்டும். கிட்ட இருக்கும்போது சொன்னா தாங்காது."

டீ குடித்தார்கள். கோடு இறங்கவில்லை. ஜாக்கி மண்டி போட்டு, கண்ணாடியைத் துடைத்து, இன்னொரு தடவையும் பார்த்தார். அப்போதும் இறங்கவில்லை.

அதன்பிறகு நடந்ததை ஜாக்கி பல நாள் நினைத்து நினைத்து வியந்தார். கைப்பிடியை அமுக்கியது அவர்தான், ஒற்றைக் கையால், ஸ்டூலில் உட்கார்ந்தபடி. இன்ஜின் சத்தம் போடாமல் எழுந்தது. சம்பந்தி அதன் அடியில் விரலைக்கூட நீட்டவில்லை. தள்ளி நின்று ஒரு கட்டையால் திருப்பினார். வெளியே வந்ததும், "தாழ்த்துங்க, இன்னும் தாழ்த்துங்க, தரையத் தொடற மாதிரி. ஒசரத்துல வெச்சுத் தள்ளினா குடை சாயும்" என்றார். தரையில் ஒரு வெடிப்பில் சக்கரம் மாட்டியது. ஜாக்கி பழக்க தோஷத்தில் தோளைக் கொடுக்கப் போனார். "தோள் வேண்டாம் சம்பந்தி, என் முதுகு பதறுது!" என்று சம்பந்தி தடுத்து, இன்ஜினைத் தரையில் இறக்கவைத்து, வெடிப்பின் மேல் தகரத்தைப் போட்டு, மறுபடி தூக்கவைத்தார். கொட்டகை மூலையில் ஒரு பழைய டயர் ஏற்கெனவே படுக்கப் போட்டிருந்தது. எப்போது போட்டார் என்றே தெரியவில்லை. இன்ஜின் அதில் பூ மாதிரி உட்கார்ந்தது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கவில்லை.

மனைவி தைல டப்பாவோடு வந்தார். "பாவம், நம்ம வீட்டுக்கு வந்து இப்படி ஆச்சே. தேச்சு விடுங்க. நீங்க தெனம் தேச்சுக்கற தைலம்தான்."

"தெனம்லாம் இல்ல" என்றார் ஜாக்கி அவசரமாக.

சம்பந்தி ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்தார். ஜாக்கி தேய்த்தார். "ஆங், அங்கதான், அங்கதான்" என்று சம்பந்தி முனகினார். கொஞ்ச நேரம் தேய்த்த பிறகுதான் ஜாக்கிக்கு உறைத்தது. இது இடது இடுப்பு. பிடித்துக்கொண்டு கத்தியது வலது. கையை நிறுத்தாமல் வலது பக்கம் அழுத்திப் பார்த்தார். "ஆங், அங்கயும்தான்" என்றார் சம்பந்தி, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

ஜாக்கியின் கை நின்றது.

அப்போது சம்பந்தி குனிந்தபடியே எதையோ காலால் நகர்த்தினார். ஒரு செருப்பு. ஜாக்கியுடையது, இடது கால். "மாட்டிக்குங்க சம்பந்தி. நான் வரும்போதே வாசப்படியில கெடந்தது, எடுத்துட்டு வந்தேன். தரையெல்லாம் ஆயிலா இருக்கு."

ஜாக்கி கீழே பார்த்தார். இடது பாதம் வெறுமையாக, கறுப்பாக, ஆயிலில் நின்றுகொண்டிருந்தது. காலையிலிருந்து. லிஃப்ட்காரர் ஆயுள் முழுக்கப் பார்த்தது ஆளின் காலைத்தான். கதவில் யார் கால் மாட்டும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

முதலில் சுறுசுறுவென்று கோபம் வந்தது. என்னை ஏமாற்றிவிட்டானே என்று. பிறகு அந்தக் கத்தல் ஞாபகம் வந்தது. வெள்ளைச் சட்டை போடாமல் வாசல் தாண்டாத மனுஷன், தன் சம்பந்தியம்மா காதில் விழுகிற மாதிரி, அய்யய்யோ முதுகு போச்சு என்று அலறினானே. என் வாயிலிருந்து வராத வார்த்தையை அவன் வாயிலிருந்து எடுத்துப் போட்டானே. இந்த ஜென்மத்தில் நான் அதைச் செய்வேனா? ஜாக்கி தன்னையே கேட்டுப் பார்த்தார். மாட்டேன் என்று பதில் வந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு, மீதித் தைலத்தையும் அந்த நல்ல முதுகில் தேய்த்து முடித்தார்.

பேரிங் மாற்றியதும் போன் செய்தார். "சம்பந்தி, இன்ஜின் ரெடி. ஏத்தணும். கிரேன்லயே ஏத்திக்கலாம், உங்க முதுகுக்காக."

"ரொம்ப உபகாரம் சம்பந்தி."

"வலி எப்படி இருக்கு? எந்தப் பக்கம்?"

அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது. "நீங்க சொல்ற பக்கம்."

ஜாக்கி சமையலறைப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "எடது பக்கம்னு வெச்சுக்குங்க. இடுப்புலேருந்து கால் வெரல் வரைக்கும். வெரல் செத்துப்போன மாதிரி இருக்குன்னு வெச்சுக்குங்க."

சிரிப்பு நின்றது. "அப்ப நான் டாக்டர்கிட்ட போயே ஆகணும். தனியா போக பயமா இருக்கு சம்பந்தி. தொணைக்கு வருவீங்களா?"

"எப்ப போகணும்?"

"இன்ஜின் ஏத்தறதுக்கு முன்னாடி."

"வரேன்" என்றார் ஜாக்கி.